யோனாஸின் தலைமாட்டுக் கல்

சன்னா காமீஸ் கவலைப்படவே பிறந்தவள் என்று எங்கள் சபையில் சொல்வார்கள். மேகம் கூடினால் வெள்ளம் வரும் என்பாள், கலைந்தால் ஆடுகள் சாகும் என்பாள். பண்ணை வீட்டுச் சமையலறையில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள். அவள் புருஷன் டிர்க், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கூட்டத்தோடு கரூ என்கிற எங்கள் வறண்ட சீமை முழுக்கச் சுற்றுகிறவன்.

அவளுக்கு முதலில் பிறந்தவன் யோனாஸ். தவழத் தொடங்கிய சமயம் காய்ச்சல் வந்து போய்விட்டான். டிர்க் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தான். செய்தி போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பண்ணை வேலைக்காரர்களுக்குப் பளிங்கு ஏது? நாங்களே ஒரு கல்லைத் தேடித் தலைமாட்டில் வைப்போம், பெரிய வெள்ளிக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்போம். சன்னா வற்றிய ஓடையில் ஒரு கல் கண்டாள். மேலே உருண்டை, கீழே இரண்டு முளை. முளைகளை மண்ணில் ஊன்றினால் காற்றுக்குச் சாயாது. ஆட்டுத் தோலில் வைத்துத் தானே இழுத்து வந்தாள். அப்புறம் வருஷா வருஷம் சுண்ணாம்பு. பிள்ளைக்குப் போட்டோ கிடையாது. அந்தக் கல்தான் அவளுக்கு அவன் முகம்.

இந்தக் குளிர்காலத்தில் அருங்காட்சியகத்திலிருந்து தண்டேகா என்று ஒரு டாக்டரம்மா வந்து, சபைக் கூடத்தில் படம் காட்டினார்.

"எந்த நோய்க்கு டாக்டர்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்.

"கல்லாப் போனவங்களுக்கு" என்றார் அவர். கூடம் சிரித்தது.

அந்தக் காலத்தில், நம் பக்கம் ரோடு போட வந்த ஒரு வெள்ளைக்காரர், கல்லாகிப்போன ஓர் ஆதிகால மிருகத்தின் எலும்புகளைப் பாறையிலிருந்து பெயர்த்து லண்டனுக்கு அனுப்பினாராம். அங்கே ஒரு பண்டிதர் பார்த்து, 'இரண்டு நாய்ப்பல்' என்று அர்த்தம் வரும்படி ஒரு பெயர் வைத்தாராம். திரையில் அதன் தலை வந்தது. மேல்தாடையிலிருந்து இரண்டு கோரைப்பல் கீழே நீண்டிருந்தன.

"எங்க மாமியார் மாதிரியே இருக்கு" என்றான் அதே ஆள்.

எல்லாரும் சிரிக்க, சன்னா மட்டும் என் கையை இறுக்கினாள். இப்படிப்பட்ட கல் எங்கே கிடந்தாலும் நாட்டுக்குச் சொந்தம், யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது, கண்டால் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா முடித்தார். சன்னா என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் இரண்டு பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அவள் ஒரு கரண்டியால் சுண்ணாம்பைச் சுரண்டினாள். ஏடு ஏடாக உதிர்ந்தது. பக்கவாட்டில் ஒரு குழி தெரிந்தது. கண் இருந்த குழி.

"மீதாக்கா, எம்பிள்ளை தலைமாட்டுல மிருகத்தை வச்சிட்டேனே. கடைசி நாள்ல எக்காளம் ஊதுறப்ப அவன் எந்திரிச்சு மொதல்ல இதைத்தானே பாப்பான்."

"அதையும் ஆண்டவர்தானே படைச்சாரு. சும்மா அழாத."

"சொன்னா எடுத்துட்டுப் போயிருவாங்க. அப்புறம் அவன் கிடக்கிற எடம் வெறும் மேடு. ஆடு மேயும். சொல்லலன்னா திருட்டு. ஞாயித்துக்கிழமை திருவிருந்து இருக்கே, நான் எப்படிப் போய் உக்காருவேன்?"

எங்கள் சபையில் மனசில் ஒளித்த காரியத்தோடு யாரும் அப்பத்தில் கை வைக்க மாட்டோம். திருவிருந்துக்கு முந்தின வாரம் சபை மூப்பர் வீடு வீடாக வந்து, மனசில் ஏதும் ஒளித்திருக்கிறோமா என்று கேட்பார். அவர் சன்னா வீட்டுக்கு வந்தபோது, வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். அது இன்னொரு பொய் ஆயிற்றே என்று அதற்கும் சேர்த்து அழுதாள். நான் அவளுக்காக ஜெபித்தேன்.

வெள்ளிக்கிழமை அவளாகவே, இன்னும் ஊரில் தங்கியிருந்த டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் வந்து கல்லறை ஓரம் முழங்காலிட்டார். கல்லைத் தொடவில்லை.

"நான் இதை ஆபீஸ்ல சொல்லித்தான் ஆகணும்மா. ஆனா நீங்க சரின்னு சொல்லாம உங்க பிள்ளை கல்லுல கை வைக்க மாட்டேன். இதை எங்க எடுத்தீங்க?"

சன்னா ஓடைக்குக் கூட்டிப்போனாள். கரை இப்போது இன்னும் சரிந்திருந்தது. டாக்டரம்மா ஒரு தூரிகையால் மண்ணைத் தள்ளத் தள்ள, விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. முதுகெலும்பு வளைந்து வந்து ஓர் இடத்தில் நின்றது. கழுத்து. அதற்கு அப்புறம் வெறும் மண்.

சன்னா கழுத்து நின்ற இடத்தில் கை வைத்தாள்.

"இதுவும் படுத்துத்தான் கிடந்திருக்கு. தலையை நான்ல தூக்கிட்டுப் போயிருக்கேன்."

"உங்களுக்குத் தெரியாதும்மா."

"எம்பிள்ளை குழியில யாராவது இப்படிப் பண்ணியிருந்தா நான் விட்டிருப்பேனா? எடுத்துக்கங்க டாக்டரம்மா. இதோடயே வச்சிருங்க. ஆனா வேற கல்லு நான் கொண்டு வர்ற வரைக்கும் அதை அசைக்கக் கூடாது. ஒரு ராத்திரிகூட அவன் கல்லில்லாம கிடக்கக் கூடாது."

பேர் வெட்டிய நல்ல கல் அருங்காட்சியகமே தரும் என்றார் அவர். சன்னா தலையாட்டவில்லை. யாரோ செதுக்கிய கல்லை அவன் எப்படித் தெரிந்துகொள்வான் என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் முழுக்க ஓடையில் கல் தேடினோம். நான் காட்டிய ஒவ்வொன்றையும் புரட்டினாள். அடியில் பல் இருக்கிறதா, குழி இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். என் இடுப்பு விட்டுப்போயிற்று.

"சன்னா, இருட்டப் போகுது. இது வெறும் கல்லுதான்."

"அன்னிக்கும் இப்படித்தான நெனச்சேன்."

கடைசியில் சிவப்புக் கோடு ஓடிய ஒரு தட்டைக் கல் கிடைத்தது. நான்கு பக்கமும் தடவினாள். திருப்பிப் போட்டு மறுபடியும் தடவினாள்.

"நீங்களும் நல்லாப் பாருங்க, அக்கா. யாரோடதும் இல்லைல்ல?"

நானும் தடவிப் பார்த்தேன். "யாரோடதும் இல்லை."

அவள் ஆட்டுத் தோலை விரித்தாள். நான் ஒரு முனையைப் பிடித்தேன்.