ஸ்டெல்லா விட்டுப்போன பல்லி

செய்தி வந்தபோது நான் நம் ஷூ கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். பள்ளிகொண்டா டோல்கேட்டை அப்போதுதான் தாண்டியிருந்தோம். போனில் ஜெனி. ஸ்டெல்லாவின் தங்கை மகள். தாயில்லாத அவளை வளர்த்து, படிக்க வைத்து, ஓசூரில் கட்டிக்கொடுத்தது ஸ்டெல்லாதான். "வசந்திம்மா, பெரிம்மா போய்ட்டாங்க" என்றாள். பக்கத்து சீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். டிரைவர் பாட்டை நிறுத்தினார். ஆம்பூர் வரும்வரை ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நம் பஸ் அப்படிப் போனது அன்று ஒருநாள்தான்.

இதைப் படிக்கிற உங்களில் ஸ்டெல்லாவிடம் திட்டு வாங்காதவர்கள் யாரும் இருக்க முடியாது. கட்டிங் செக்‌ஷனில் தோல் பார்க்கிற மேஜை அவளுடையது. வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தோலாக விரித்து, கட்டை விரலால் தடவி, பழுதான இடத்தில் வெள்ளி மையால் வட்டம் போடுவாள். போடும்போதே கதையும் சொல்லுவாள். "பாரு, இது முள்வேலியில மாட்டிக்கின ஆடு. இதுக்கு உண்ணி கடி ஜாஸ்தி, பாவம், சொறிஞ்சே செத்திருக்கும்." நாங்கள் சிரிப்போம். அவள் சிரிக்க மாட்டாள். "செத்தப்புறம் தோல்ல எல்லாம் தெரிஞ்சிடும்டீ. உயிரோட இருக்கறப்ப தான் ஒண்ணும் தெரியாது" என்று ஒருநாள் சொன்னாள். அன்றைக்கு அது எனக்கு வெறும் பேச்சாகத்தான் பட்டது.

அப்படிப்பட்டவள் பல்லி வளர்க்க ஆரம்பித்ததை என்னவென்று சொல்ல! போன வருஷம் ஜெனிக்குக் கல்யாணம் ஆனது. அவள் ஆசையாக வாங்கி வைத்திருந்த வெளிநாட்டுப் பல்லியை மாமியார் வீட்டில் வாசற்படியே ஏற்றவில்லை. கண்ணாடித் தொட்டியோடு அது பெரியம்மாவிடம் வந்து சேர்ந்தது. நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லி மாதிரி இல்லை. மஞ்சள் உடம்பில் சிறுத்தைப் புள்ளி, கொழுத்த வால். சுவர் ஏறத் தெரியாது. முக்கியமாக, அதற்குக் கண்ணிமை உண்டு. ஆற அமர நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டும். முதல்முறை அது சிமிட்டியபோது நான் வாசலுக்கே ஓடிவிட்டேன். பல்லி என்றாலே எனக்கு உடம்பு கூசும். ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்கு அவள் வைத்த பெயர் சூப்பர்வைசர். "உக்காந்த எடத்துலயே உக்காந்து மொறைக்குது. ஒரு வேலையும் செய்யல. வேற இன்னா பேரு வெக்கறது?" என்று பஸ்ஸில் சத்தமாகக் கேட்டாள். முன் சீட்டில் நம் சூப்பர்வைசர் இருந்தார். அவரும்தான் சிரித்தார். அவளிடம் யார் கோபித்துக்கொள்வது?

அப்புறம் பஸ்ஸில் தினமும் பல்லிப் பேச்சுதான். நிலம் வைத்திருக்கிற பெண்கள் டிபன் டப்பாவில் வெட்டுக்கிளி பிடித்து வந்து கொடுத்தார்கள். "மருந்தடிச்ச கொல்லையில புடிச்சது வேணாம் தாயீ, அது செத்துடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, தவிட்டில் புழு வளர்த்தாள். ஒருத்தி, "காஞ்சிபுரம் போயி தங்கப் பல்லியத் தொட்டுட்டு வர்றோம். இது உசுரோடவே கீதே, ஒருவாட்டி தொட்டுக்கட்டாக்கா, தோஷம் போவட்டும்" என்றாள். "தொட்டா தோஷம் போவாது. வாலு தான் போவும்" என்றாள் ஸ்டெல்லா.

வந்து கொஞ்ச நாளில் பல்லியின் உடம்பு வெளுக்க ஆரம்பித்தது. மஞ்சள் மங்கி, சாம்பல் பூசினது போல ஆகிவிட்டது. சாப்பாட்டையும் தொடவில்லை. மேஜையில் வந்து உட்கார்ந்தவளுக்கு அன்று வேலையே ஓடவில்லை. "மேல ஃபினிஷ் பூச்சு உரியுதுடீ. காஞ்சி போச்சு, கை வெச்சா சொரசொரன்னுது" என்றாள். உலர்ந்துபோன தோலுக்கு நாம் என்ன செய்வோம்? அதையேதான் அவளும் செய்தாள். வீட்டுக்குப் போய்ப் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு, தலையிலிருந்து வால்வரை நீவி, மெருகு ஏற்றிவிட்டாள்! வீடியோ காலில் பார்த்த ஜெனி அலறினாள். "பெரிம்மா, அது ஷூ இல்ல! சட்டை உரிக்கப் போவுது, அவ்ளோதான்!"

ஈரத்துணியால் எண்ணெயைத் துடைத்து, நனைத்த துணி போட்ட ஒரு டப்பாவைத் தொட்டிக்குள் வைக்கச் சொன்னாள் ஜெனி. மறுநாள் காலையில் பார்த்தால் பல்லி புத்தம் புதிதாக, பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. உரித்த தோலைக் காணோம். கட்டிலுக்கு அடியில், அடுப்பு மேடையில், துடைப்பக் கட்டுக்குள் என்று ஸ்டெல்லா தேடாத இடமில்லை. ஆயுசு முழுக்கத் தோலைக் கணக்குப் பார்த்து வாங்கி வைத்தவள் அல்லவா, விட மனசு வரவில்லை. கடைசியில் ஜெனிதான் சொன்னாள், உரித்ததை அதுவே தின்றுவிடும் என்று. பஸ்ஸில் இதைச் சொல்லிவிட்டு, "ஆம்பூர்ல துண்டு கூட மிச்சம் வெக்காம தோலக் காலி பண்ற ஆளு இது ஒண்ணு தான்" என்றாள். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே அவளுக்கு வயிற்று வலி இருந்திருக்கிறது. கேஸ் என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டாள். எங்களுக்கும் அது கேஸாகவே இருந்தது. தோலைத் தடவியே ஆட்டின் கஷ்டத்தைச் சொல்கிறவளுக்குத் தன் உடம்பு சொன்னது காதில் விழவில்லையே என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வயிற்றில் கட்டி என்று தெரிந்து வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள், கண்ணாடித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் என் வீட்டுக்கு வந்து இறங்கினாள். "உன்ன வுட்டா எனக்கு யாருடீ? நான் வர்ற வரைக்கும் பாத்துக்கோ" என்றாள். என் வீட்டுக்காரர், "இது இன்னா பேஜாரு" என்று முணுமுணுத்தார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பாடம் நடத்தினாள். புழுவுக்குச் சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவ வேண்டும். தண்ணீரை ஒரு பாட்டில் மூடியில் ஊற்றி வைத்தால் போதும். மேலிருந்து கையைக் கொண்டு போகக் கூடாது, பருந்து என்று நினைத்துப் பயந்துவிடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவள் போனதும் தொட்டியை ஒரு பழைய துண்டால் மூடிவைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தேன்.

என் வீட்டில் அது எதையும் தின்னவில்லை. இடுக்கியால் புழுவை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆபரேஷன் முடிந்து நான் பார்க்கப் போனபோது இதைச் சொல்லலாமா கூடாதா என்று யோசித்தேன். அவளிடம் பொய் சொல்லித் தப்ப முடியாது, சொல்லிவிட்டேன். படுத்தவாக்கிலேயே சிரித்தாள். "பதறாத. வாலப் பாரு. கொழுப்பெல்லாம் அங்க தான் சேத்து வெச்சிருக்கும். வாலு குண்டா இருந்தா எவ்ளோ பசியும் தாங்கும்." அப்புறம், எலும்பு தெரிய இளைத்துப்போன தன் கையைத் தூக்கிக் காட்டி, "எனக்குத் தான் வாலு இல்லாம போச்சு" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வசந்தி, எனக்கு எதனா ஆச்சின்னா அத எங்கயாச்சும் கொல்லையில வுட்டுடாத. அதுக்கு வெளிய பொழைக்கத் தெரியாது."

"வாய மூடு. நீயே வந்து எடுத்துக்கினு போ" என்று அதட்டினேன். சரி என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அவள் நிம்மதியாகப் போய்விடுவாள் என்று பயமாக இருந்தது. அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

கல்லறையிலிருந்து திரும்பியதும் ஜெனி என் வீட்டுக்கு வந்தாள். தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பல்லியின் வால் மெலிந்திருந்தது. "நான் எடுத்துட்டுப் போனா அந்த வீட்ல வெக்க மாட்டாங்க வசந்திம்மா. உங்களுக்கும் பயம். அமிர்தி ஜூவுல வேணா கேட்டுப் பாக்கட்டா?" என்றாள். நல்ல யோசனைதான். அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, வெளியே விட்டதாகவும் ஆகாது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "வேணாம்மா, இங்கயே இருக்கட்டும்" என்பதுதான். ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லாவிடம் சொல்லாத ‘சரி’யை நான் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

மறுநாள் சாயங்காலம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், தொட்டியின் மூடியை எடுத்தேன். உள்ளங்கையில் ஒரு புழுவை வைத்து, கையைத் தொட்டியின் தரையோடு தரையாக வைத்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அப்படியே உட்கார்ந்திருக்கும்போது அழுகை வந்துவிட்டது. சாவு வீட்டில் வராத அழுகை. எத்தனை நேரம் அழுதேனோ, விரல் நுனியில் ஏதோ சில்லென்று பட்டது. திரும்பிப் பார்த்தேன். முன்கால் இரண்டையும் என் விரல் மேல் வைத்துக்கொண்டு, அது புழுவை மென்றுகொண்டிருந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அது ஒழுங்காகச் சாப்பிடுகிறது. வாலும் தேறி வருகிறது. ஸ்டெல்லாவுடைய புடவையோ போட்டோவோ என்னிடம் கிடையாது. அவளுடையதாக என்னிடம் இருப்பது இந்த உயிர் ஒன்றுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் ஜெனி கிளம்பும்போதுதான் சொன்னாள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்தப் பல்லி இருபது வருஷம்கூட இருக்குமாம். எனக்கு இப்போதே சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். பள்ளிகொண்டா ஸ்டாப்பில் இறங்கி யாரைக் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருத்தி வாருங்கள். பயமாக இருந்தால் பரவாயில்லை. கையைத் தொட்டியின் தரையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள், அதுவே வரும்.