மற்றது போதும்தானே

சோமாஸ்கந்தக் குருக்கள் என் கடைக்கு முதன்முதலில் வந்தது போனுக்குக் காசு ரீலோட் போட அல்ல. காதுக்குள் வைத்துப் பாட்டுக் கேட்கும் வயர் இல்லாத சாமானில் இரண்டு வகை இருக்கிறதாமே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க வந்தார். மடத்துவெளியில், குறிகட்டுவானுக்குப் போகும் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஆறு வருடமாக ரெலிபோன் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் உள்ள இயர்பட்ஸ் எல்லாம் ஒரு மழைக்குத் தாங்காத நகல்கள். ஐயா கேட்டதோ அசல். அதை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். ஆனாலும் தெரியாது என்று சொல்லிக் கடை நடத்த முடியாது.

விசயம் இதுதான். ஐயாவின் மனைவி பத்மாசனி அம்மாவின் தம்பி மயூரநாதன் ரொறன்ரோவில் இருக்கிறார். அத்தானுக்கு அறுபது வயது நிறைந்ததற்கு ஒரு நல்ல சாமான் அனுப்ப ஆசைப்பட்டு, ஒரே கொம்பனியின் இரண்டு வகைகளைப் படம் எடுத்து வட்சப்பில் போட்டு, எது வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒன்று சாதாரணம். மற்றதன் பெயர் புரோ. சாதாரணத்தின் விலைக்கு எங்கள் ஊரில் ஒரு ஆடு வாங்கலாம். புரோவின் விலைக்கு அந்த ஆட்டைக் குட்டியோடு வாங்கலாம்.

"தேவாரம் கேக்கத்தான் தம்பி," என்றார் ஐயா. நான் கேட்காமலே அவர் சொன்ன காரணம் அது. கேட்காமலே சொல்லப்படும் காரணங்களை நான் நம்புவதில்லை. கடைக்காரப் புத்தி.

ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் பிள்ளையார் கோவிலில் முப்பத்திரண்டு வருடமாகப் பூசை செய்கிறார். ஊரில் யாருடைய நட்சத்திரத்தையும் இரண்டாம் முறை கேட்கமாட்டார். தட்டோடு போய் நின்றால் போதும். பெயர், நட்சத்திரம், ராசி எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். வெளிநாட்டுக்குப் போய் இருபது வருடம் கழித்து வந்தவனுக்குக்கூட அவனுடைய நட்சத்திரத்தை இவர்தான் ஞாபகப்படுத்துவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருக்கட்டும், வேறு எதற்குப் பெருமைப்படுவது?

இந்த ஞாபகசக்திதான் அவரைக் காப்பாற்றியது. முப்பத்திரண்டு வருடம் காண்டாமணிக்குக் கீழேயும் தவிலுக்குப் பக்கத்திலும் நின்ற காதுகள் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டிருந்தன. பழைய சனத்தின் நட்சத்திரம் மனதில் இருந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. புதிதாக வந்தவர்களிடம்தான் பிசகியது. நான் புதிதாக வந்தவன். வவுனியாவில் இருந்து திரும்பி வந்து கடை போட்டவன். நாலு வருடத்துக்கு முன்னர் என் மகள் நிருஜா ஏ.எல். சோதனை எழுதியபோது முதல் அர்ச்சனைக்குப் போனேன். நட்சத்திரம் கேட்டார். பூசம் என்றேன். அவர் பிள்ளையாரிடம் போய்ப் பூரம் என்றார். கடகத்தில் பிறந்த பிள்ளையைச் சிங்கத்துக்கு மாற்றிவிட்டு, திருநீற்றைத் தந்து, "இனி நீர் சொல்லத் தேவையில்லை, எனக்கு ஞாபகம் இருக்கும்," என்றார். சொன்னபடியே ஞாபகம் வைத்திருந்தார். அன்று தொடக்கம் வெள்ளிக்கிழமை தவறாமல் நிருஜா பூரத்தில்தான் பிறந்துகொண்டிருந்தாள். முதல் நாள் திருத்தியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்தபோது வாய் வரவில்லை. பிறகு திருத்துவதற்கு வெட்கமாகிவிட்டது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் லண்டன் மூடிக்கொண்டிருக்குமா? போன வருடம் பிரியவதனி என்கிற பெண் விடுமுறைக்கு வந்து, கணவன் பிரதாபனுக்கு அர்ச்சனை செய்வித்தாள். சதயம் என்று சொன்னாள். ஐயா அத்தம் என்றார். அவள் நேரே பரிபாலன சபைத் தலைவர் அம்பலவாணரிடம் போனாள். "இவ்வளவு தூரம் பறந்து வந்து வேற ஆருக்கோ அர்ச்சனை செய்துபோட்டுப் போறம் அங்கிள்," என்றாளாம். அம்பலவாணர் ஐயாவைக் கூப்பிட்டு மரியாதையாகத்தான் பேசினார். இன்னொரு முறை இப்படி வந்தால், அடுத்த திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு இளம் ஐயாவை அர்ச்சனைக்குப் போடலாம், நீங்கள் உள்ளே ஆறுதலாக அபிஷேகத்தைப் பார்க்கலாம் என்றார். ஆறுதலாக என்ற சொல்லைக் கேட்டு ஐயா பயந்துபோனார். சனத்தின் பெயரைச் சாமிக்குச் சொல்வதுதான் அவருக்குக் கோவில். அது இல்லாவிட்டால் அவர் வெறும் தண்ணீர் ஊற்றுகிற ஆள். இப்போது கொடியேற்றத்துக்கு ஒரு மாதமும் கொஞ்ச நாட்களும் இருந்தன.

இது ஒன்றையும் சொல்லாமல்தான் ஐயா மூன்று கிழமையாக என் கடைக்கு வந்துபோனார். நானும் இரண்டு வகையையும் ஒரு கடதாசியில் கோடு போட்டுப் பிரித்து எழுதினேன். வெளிச் சத்தத்தை அடக்கும் வசதி புரோவில் நல்லது என்று விளக்கினேன். அந்த வசதி ஐயாவுக்கு ஏற்கெனவே இலவசமாகக் கிடைத்திருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார். பற்றரி எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்றேன். அதற்கும் ஆட்டினார்.

"உதிலை காதைச் சோதிக்கிற வசதியும் இருக்காமெல்லோ?" என்றார் ஒருநாள், வெளியே நின்ற ஆட்டோவைப் பார்த்தபடி.

"ஓம் ஐயா, புரோவிலைதான். போனிலை சோதனை செய்து, கேக்காத சத்தத்தைக் கூட்டித் தரும். காது மெசின் மாதிரி."

"சாதாரணத்திலை இல்லையோ?"

"இல்லை."

மறுநாளும் வந்து அதையே கேட்டார். மூன்றாம் நாளும் கேட்டபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காது மெசின் வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்குப் போகலாம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றால் அம்பலவாணருக்கு வேறு சாட்சி தேவையில்லை. இதைப் போட்டால், கனடாவில் இருந்து வந்த சாமான், ஐயா இந்தக் காலத்து ஆள் என்று சனம் சிரித்துவிட்டுப் போகும். செவிடு என்று தெரிவதைவிட நாகரிகம் என்று தெரிவது நல்லதுதானே. மயூரநாதன் முன்னர் ஐயாவிடம் விட்டுப்போன போனும் அதே கொம்பனியின் போன். இலங்கையில் அந்தச் சோதனை வேலை செய்யுமா என்று எனக்கே நிச்சயமில்லை. அதை நான் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு பின்னேரம், என் கடையின் வைபையில், மயூரநாதன் அழைத்தார். ஐயா போனை ஸ்பீக்கரில் போட்டுக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் கார் ஓடுகிற சத்தம்.

"அத்தான், நானும் யோசிச்சுப் பாத்தனான். உங்களுக்குத் தேவாரம் கேக்கத்தானே. மற்றது போதும்தானே?"

"ஓமோம்," என்றார் ஐயா, முகமெல்லாம் சிரிப்பாக. "அதுதான் மயூரன். அதேதான்."

"உங்களை மாதிரி ஒண்டுக்கும் ஆசைப்படாத ஆக்களைக் காணேலாது அத்தான்."

"சந்தோசம், சந்தோசம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மூன்று கிழமை என் உயிரை எடுத்துவிட்டு, கேட்கவேண்டிய நேரத்தில் சாதாரணமே போதும் என்று பெருந்தன்மை காட்டிவிட்டாரே என்று நினைத்தேன். தேவையானதைக் கேட்கக் கூச்சப்பட்டு எளிமை என்று பெயர் எடுக்கிற ஆட்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே பிழையைத் திருத்தியிருக்கலாம். கோபத்தில் கேட்கவில்லை. ஐயா சைக்கிளில் ஏறிச் சிரித்தபடியே போனார்.

கொடியேற்றத்துக்கு இரண்டு நாளுக்கு முன்னர், கனடாவில் இருந்து திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் பார்சல் வந்தது. ஐயா அதை உடைக்காமல் என்னிடம் கொண்டுவந்தார்.

"அந்தச் சோதனையை இப்பவே செய்வம் தம்பி. கதவைக் கொஞ்சம் சாத்தும்."

கதவைப் பாதி இறக்கிவிட்டுப் பெட்டியைப் பிரித்தேன்.

"ஐயா, இதிலை சோதனை செய்யேலாது. இது புரோ இல்லை."

"என்ன?"

பெட்டியில் எழுதியிருந்ததை அவர் பக்கம் திருப்பினேன்.

"நான் புரோ எண்டெல்லோ சொன்னனான்," என்றார்.

"நீங்கள் ஓம் எண்டுதான் சொன்னனீங்கள்."

"மயூரன் புரோதானே எண்டு கேட்டவர். நான் ஓம் எண்டனான்."

"அவர் போதும்தானே எண்டு கேட்டவர் ஐயா."

அவர் என் வாயையே பார்த்தார். "திருப்பிச் சொல்லும். ரெண்டையும்."

மெதுவாகச் சொன்னேன். போதும்தானே. புரோதானே. இன்னொரு முறையும் சொன்னேன். ஐயா முதலில் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"எனக்கு ரெண்டும் ஒண்டாத்தான் கேக்குது," என்றார்.

அவர் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மயூரநாதனிடம் சொல்லி மாற்றலாம் என்றேன், சத்தமாக.

"என்னெண்டு சொல்லுறது? காது கேக்கிறதுக்குச் சாமான் வேணுமெண்டு நினைச்சனான், நீர் கேட்டது காதிலை கேக்கேல்லை எண்டோ?" என்றார். "சொன்னாலும் நாளையிண்டைக்குக் கொடி ஏறுது."

கொஞ்ச நேரம் உள்ளே இருந்த சின்னப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். மூடும்போது அது டிக் என்று ஒரு நல்ல சத்தம் போடும். அது அவருக்குக் கேட்டதோ தெரியாது.

"உம்மட்டை அச்சடிக்கிற மெசின் இருக்குத்தானே," என்றார். "ஒரு அறிவித்தல் அடிச்சுத் தாரும். அர்ச்சனை செய்யிற ஆக்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் துண்டிலை எழுதித் தரட்டாம்."

எனக்கு ஆறுதலாக இருந்தது. இந்த யோசனை வருவதற்கு ஒரு ஆட்டு விலை செலவழிந்திருக்கிறது, பரவாயில்லை. திருவிழாக் காலக் கூட்டத்தையும் ஒலிபெருக்கிச் சத்தத்தையும் முன்னிட்டு என்று தொடங்கி, நல்ல தமிழில், பிள்ளையார் சுழியோடு அடித்துக் கொடுத்தேன். வாங்கி வாசித்தார். என் மேசையில் இருந்த பேனாவை எடுத்து, முன்னிட்டு என்ற சொல் வரையான முதல் வரியை வெட்டினார். அதற்கு மேலே எழுதினார்: குருக்களுக்குக் காது கேட்பது குறைவு.

"ஐயா, உதை ஏன் போடுறீங்கள்?"

பேனாவை மூடி மேசையில் வைத்தார். கேட்கவில்லையோ, கேட்க விரும்பவில்லையோ, அந்த வசதி அவரிடம் எப்போதும் உண்டு.

அந்தக் கடதாசி கோவில் வாசலில் ஏறியது. பக்கத்தில் ஒரு பிஸ்கற் பெட்டி, வெட்டிய துண்டுகள், நூலில் கட்டிய பென்சில். அம்பலவாணர் அதன் முன்னால் நின்று இரண்டு தரம் வாசித்ததை நான் பார்த்தேன். இனி ஐயாவின் கதை முடிந்தது என்று நினைத்தேன். அன்று பின்னேரம் அம்பலவாணர் என் கடைக்கு வந்தார். சுற்றும்முற்றும் பார்த்தார்.

"ஐயா ஏதோ புரோ எண்டு பாத்தவராமே. அது எனக்கும் சரிவருமோ?"

இளம் ஐயாவைப் பற்றிய கதை அதற்குப் பிறகு எழவில்லை. கனடாவில் இருந்து வந்த சாதாரணம் பத்மாசனி அம்மாவின் காதுக்குப் போனது. அதை மாட்டிக்கொண்டு குசினியில் நாடகம் கேட்கிறார். ஐயா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டால் இப்போது அவருக்குக் கேட்பதில்லை.

கொடி ஏறிய மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. நானும் தட்டோடு போனேன். முன்னால் நின்றவர்கள் எல்லோரும் எழுதினார்கள். நான் மட்டும் எப்படி எழுதாமல் நிற்பது? பென்சிலை எடுத்தேன். நிருஜா, பூசம், கடகம் என்று எழுதித் தட்டில் வைத்தேன்.

ஐயா துண்டைப் பார்க்காமலே, "நிருஜா, பூரம்" என்று தொடங்கியவர், கண் பட்டதும் நின்றார். துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பூசமோ?"

தலையை ஆட்டினேன்.

"நான் இவ்வளவு நாளும் பூரமெல்லோ சொன்னனான்."

அதற்கும் ஆட்டினேன்.

"எவ்வளவு காலமா?"

நாலு விரலைக் காட்டினேன். பின்னால் வரிசை நின்றது. ஐயா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"லண்டன்காரப் பிள்ளை வந்து சொன்னது," என்றார் மெல்ல. "நீர் பக்கத்திலைதானே இருக்கிறீர்."

பிறகு உள்ளே திரும்பி, கடக ராசி, பூச நட்சத்திரம் என்று றோட்டுக்கே கேட்கிற சத்தத்தில் பிள்ளையாருக்குச் சொன்னார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. திருநீறு தரும்போது அவருடைய பழைய சிரிப்பில் கொஞ்சம் திரும்பி வந்திருந்தது.

"பூரத்திலை பிறந்த நிருஜா எங்கையோ ஒருத்தி இருப்பாள் தம்பி. நாலு வருசமா ஏனெண்டு தெரியாமல் நல்லாயிருந்திருப்பாள்."

"மன்னியுங்கோ ஐயா," என்றேன். மெல்லத்தான் சொன்னேன். பின்னால் சனம் நின்றது. ஐயா அடுத்த தட்டுக்குக் கையை நீட்டிவிட்டார். அவருக்குக் கேட்கவில்லை.

வெளியே வரும் வழியில் பிஸ்கற் பெட்டியில் துண்டுகள் நிறைய இருந்தன. பென்சிலும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மன்னிப்பை நான் எழுதிக் கொடுக்கவில்லை.