அளவுக்காரியின் ஓரகத்தி

கண்ணாடிக் கடையில் லென்ஸைச் சட்டத்துக்குள் பொருத்துவது அவள் வேலை. மயிரிழை அதிகமானால் விளிம்பு தெறித்துவிடும், குறைந்தால் லென்ஸ் உதிர்ந்துவிடும். கையில் நூலை எடுத்தாலும் அந்தப் புத்தி போகவில்லை. முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பின்னி, அளந்து பார்த்து, பிடிக்காவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவாள். சனிக்கிழமைப் பின்னல் கூட்டத்தில் அவளுக்கு அளவுக்காரி என்றே பெயர். பாதி கிண்டல்தான். ஆனால் அவளுக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

நூலகத்து மாடி அறையில் கூடுவார்கள். மருந்துக்கடை நடத்தும் அம்மாள்தான் எல்லாருக்கும் தலைவி. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர் அண்ணன் ஒருவர் மட்டும் ஆண். தொப்பி தவிர வேறெதுவும் பின்னத் தெரியாது, அதனால் தெரிந்தவர் தலையெல்லாம் தொப்பி. சிலர் இரண்டு ஊசியில் ஸ்வெட்டர் பின்னுவார்கள், சிலர் கொக்கி ஊசியில் குரோஷா போடுவார்கள். அளவுக்காரி குரோஷாக்காரி.

வீட்டில் அவள் மூத்த மருமகள். மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் டாக்டரிடம் அழைத்துப் போவதும் அவள்தான். மாமியார் போனில் சிரித்துச் சிரித்துப் பேசுவதோ மாடியில் குடியிருக்கும் சின்ன மருமகளோடு. கூரை ஒன்று, ஒரு படி ஏறினால் ஆள் இருக்கிறாள், அதற்கு ஒரு போன். "இவ செய்வா, அவ பேசுவா" என்று மாமியாரே ஒருநாள் விருந்தாளியிடம் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். அளவுக்காரிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்த ஓரகத்தி வேலை பார்த்த பயண ஏஜென்சியை மூடிவிட்டார்கள். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவள், ஒரு சனிக்கிழமை படியில் நின்றுகொண்டு தானும் கூட வரட்டுமா என்று கேட்டாள். அளவுக்காரி பதில் சொல்வதற்குள் அவள் கணவர் உள்ளிருந்து, "கூட்டிட்டுப் போயேன், பாவம்" என்றார். தன்னைப் பற்றி யாரும் எப்போதும் பாவம் என்று சொன்னதில்லை என்பது அந்த நிமிஷம் அவளுக்கு உறைத்தது.

வேலியில் போகிற ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்ட கதைதான். முதல் வாரம் ஓரகத்திக்கு ஊசி பிடிக்கத் தெரியவில்லை. இரண்டு மாதத்துக்குள் அவளுக்காக நாற்காலி பிடித்து வைத்தார்கள். மருந்துக்கடை அம்மாள் தன் முழங்கால் வலியை அவளிடம் சொன்னாள். மருந்துக்கடைக்காரியின் வலியைக் கேட்க ஓர் ஆள் கிடைத்திருக்கிறது. டிரைவர் அண்ணன் அவளுக்கும் ஒரு தொப்பி கொடுத்தார். அளவுக்காரிக்கு அவர் தொப்பி கொடுத்ததே இல்லை. கொடுத்தால் பின்னல் கண்ணியை எண்ணிக் குறை சொல்லுவாள் என்ற பயம் அவருக்கு.

வருஷத்துக்கு ஒருமுறை சனி, ஞாயிறு இரண்டு நாளும் நூலகத்து மாடியில் பெரிய கூட்டம் நடக்கும். பக்கத்து ஊர்க் கூட்டங்களும் வந்து சேரும். நூல் கடைகள் போடுவார்கள், பின்னியதையெல்லாம் சுவரில் மாட்டுவார்கள். அதற்காக அளவுக்காரி ஒரு சால்வை போட்டிருந்தாள். சாம்பல் நிறம், சிலந்தி வலை போன்ற வேலைப்பாடு, ஒரு சங்கிலிக் கண்ணிகூட முன்பின் கிடையாது. நான்கு முறை பிரித்துப் போட்டது.

சுவருக்குப் பக்கத்தில், அதற்காக நிற்பது போலத் தெரியாமல், அவள் நின்றாள். வெளியூர்க்காரி ஒருத்தி வந்து சால்வையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தன் கூட வந்தவளிடம், "இது மெஷின்ல போட்டது போல" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

நகர்ந்தவள் போய்ச் சேர்ந்தது ஓரகத்தியின் மேஜைக்கு. அங்கே ஒரே சிரிப்பு. அவள் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. முதுகுப்பக்கம் இன்னும் ஊசியில் இருந்தது. "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கை நீளம்னு சொல்லிச் சமாளிச்சுக்குவேன்" என்று அவள் சொல்ல, வெளியூர்க்காரி அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அளவுக்காரி ஏற்கனவே நேராகத் தொங்கிய சால்வையை மறுபடி நேராக்கினாள்.

மதியம் எல்லாரும் சாப்பிடக் கீழே போனார்கள். கைப்பையை விட்டுவிட்டேன் என்று சொல்லி அவள் மட்டும் திரும்பி மேலே வந்தாள். கைப்பையை உண்மையிலேயே விட்டிருந்தாள். ஆனால் அவள் கால் நின்றது ஓரகத்தியின் நாற்காலி முன்னால். முதுகுப்பக்கத்தில் கண்ணி கண்ணியாகத் தப்பு. ஒரு வரிசை மட்டும் என்றுதான் ஊசியை உருவினாள். நூலை இழுத்ததும் கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்தன. அதில் ஒரு சுகம் இருந்தது, ஆறாத புண்ணைச் சொறிகிற சுகம். கை நின்றபோது முதுகுப்பக்கத்தில் நாலு விரல் அகலம்கூட மிச்சமில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்த ஓரகத்தி பார்த்தாள். சிரித்துவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், அளவுக்காரியும். அவள் உட்கார்ந்து அழுதாள். முகத்தை மூடக்கூட இல்லை.

"வேலை போனதுலேர்ந்து நான் முடிக்கப் போற ஒரே காரியம் இதுதான்னு இருந்தேன்" என்றாள்.

மருந்துக்கடை அம்மாள் அவள் தோளை அணைத்துக்கொண்டாள். ஊசி வழுக்கியிருக்கும், யார் பையாவது மாட்டி இழுத்திருக்கும் என்று ஆளுக்கொரு சமாதானம். டிரைவர் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மிச்சக் கண்ணிகளை ஊசியில் ஏற்றித் தந்தார். சால்வை தொங்கிய சுவர்ப்பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. தான் கெடுதல் செய்ததிலும் ஓரகத்திக்கே லாபம் என்று அளவுக்காரிக்குத் தோன்றியது. தோன்றியதும் தன் மேலேயே அருவருப்பு வந்தது. வந்தும் எரிச்சல் அடங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கை. பாதி தூரம் கடந்தது. பிறகு ஓரகத்தி ஜன்னலைப் பார்த்தபடியே, "நீங்கதானக்கா உருவினீங்க?" என்றாள்.

அளவுக்காரி மடியிலிருந்த கைப்பையின் வாரை நேராக்கினாள்.

"உருவின நூல அழகா உருண்டையாச் சுத்தி, ரெண்டு ஊசியையும் பக்கத்துல நேரா வச்சிருந்தீங்க. அந்த ரூம்ல வேற யாரு அப்படி வைப்பா?"

பூசி மெழுக ஏதாவது சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றுதான் வாயில் வந்தது. "உன்னப் பாத்தா எனக்குப் பொறாமை."

"அது தெரியும். வந்த நாள்லேர்ந்து தெரியும்." ஓரகத்தி இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினாள். "ஆனா இப்படிச் செய்வீங்கன்னு தெரியாது."

மறுநாள் ஞாயிறு, ஓரகத்தி போகவில்லை. அடுத்த வாரங்களில் அவள் முந்தைய பஸ்ஸிலேயே தனியாகக் கூட்டத்துக்குப் போய் வந்தாள். படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கினாள். மாமியார் மட்டும், மேலே உள்ளவள் ஏன் போனில் சுரத்தே இல்லாமல் பேசுகிறாள் என்று அளவுக்காரியிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் அளவுக்காரிதான் மாடி ஏறினாள். வாசலிலேயே நின்று, தப்புத்தான், மன்னிச்சுக்கோ, முதுகுப்பக்கம் முழுதும் நானே பின்னித் தந்துவிடுகிறேன் என்றாள்.

"நீங்க ஒரு கண்ணி போடக்கூடாது" என்றாள் ஓரகத்தி. "நான்தான் பின்னுவேன். நீங்க பக்கத்துல உக்காந்து பாக்கணும். திருத்தக்கூடாது."

லேசான தண்டனை மாதிரித்தான் தெரிந்தது. உட்கார்ந்த பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. கண்ணெதிரே கண்ணி நழுவும்; நாக்கைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்க வேண்டும். ஒருமுறை தாளாமல் கை நீண்டது. ஓரகத்தி ஊசியின் பின்முனையால் அதை ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் ஓரகத்தி உடனே நிறுத்திக்கொண்டாள். முழுசாக மன்னித்தாளா என்று அளவுக்காரிக்கு இன்றுவரை தெரியாது. அந்த மதியங்களில் ஓரகத்தி, வேலைக்கு மனுப் போட்ட இடங்களில் தன் வயதைக் கேட்டுவிட்டு முகம் மாறியவர்களைப் பற்றியெல்லாம் சொன்னாள். போனில் மாமியாரிடம் அவள் அதைச் சொன்னதில்லை.

ஸ்வெட்டர் முடிந்தது. கொழுந்தனார் அதைப் போட்டுக்கொண்டு நூலகத்து மாடிக்கே வந்தார், ஒரு கையை மடித்துவிட்டுக்கொண்டு. அறையே எழுந்து கைதட்டியது. மருந்துக்கடை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அளவுக்காரியும் தட்டினாள்.

ஓரகத்தி டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், "எனக்கு இப்பவும் வயிறு எரியுது" என்று அளவுக்காரி அவள் காதோரம் சொன்னாள்.

"எரியட்டும்" என்று ஓரகத்தி கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள். "டீ ஆறுதுக்கா."