இட்லி வேகாத கல்யாணம்

பெரியப்பா மகளுக்குச் சின்னமனூரில் கல்யாணம் நடந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். மண்டபத்தில் நீராவியில் சமைக்கிற பாய்லர் இருக்கிறது, எண்ணூறு பேருக்கு நொடியில் இட்லி வெந்துவிடும் என்று பத்திரிகை வைத்த வீட்டிலெல்லாம் பெரியப்பா சொல்லிவைத்திருந்தார். முந்தின நாள் பார்த்து மண்டபத்துப் பாய்லர்காரருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. தேனியில் ஒரு கல்லூரி விடுதிச் சமையற்கூடத்தில் அப்பாவுக்கு இதே வேலைதான். பெரியப்பா அவர் தோளில் கைபோட்டு, "நீ இருக்கயில வெளியாளு எதுக்குடா" என்றார். அப்படியாக, பெண்ணின் சித்தப்பா தம் பட்டுச் சட்டையைப் பைக்குள் மடித்து வைத்துவிட்டு, விடியும் முன்பே காக்கிச் சட்டையோடு பாய்லர் அறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு அதில் வருத்தம். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் வாசலில் சந்தனத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் பின்னால் போய் அப்பாவைப் பார்த்தேன். பாய்லரின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதை அது காட்டும். அப்பா அடியிலிருந்த குழாயைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டு, கண்ணாடியில் மட்டம் இறங்கி மறுபடி ஏறுகிறதா என்று பார்த்தார். ஆவி சேர்ந்ததும் மேலே இருந்த சேஃப்டி வால்வின் பிடியைத் தூக்கினார். அது சீறியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, இட்லித் தட்டுகளை அடுக்கும்படி சமையல் மாஸ்டரிடம் சொன்னார்.

ஏழு மணிக்குக் குடும்பத்தோடு போட்டோ எடுக்க வேண்டுமென்று பெரியப்பா என்னை அனுப்பினார்.

"நான் வந்தா இதை யாரு பாக்குறது ஆத்தா? எடுத்துக்கிறச் சொல்லு."

"எல்லாரும் நிக்கிறாக. நீங்க மட்டும்தான் இல்ல" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா என் முகத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். தண்ணீர் பாதிக்கு மேலேயே நின்றது. மாஸ்டரைக் கூப்பிட்டு, "அஞ்சு நிமிசம். கண்ணாடிய விட்டுக் கண்ண எடுக்காதீக" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டார்.

அந்த ஐந்து நிமிடம் இருபதாயிற்று. போட்டோக்காரர் எங்களை உயரவாரியாக நிறுத்தி, கலைத்து, மறுபடி நிறுத்தினார். நடுவில் கரண்டு போய்த் திரும்ப வந்தது. விளக்குகள் தாமாக எரிந்தன. பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை மட்டும் யாராவது மறுபடி அழுத்திப் போட வேண்டும். மாஸ்டரோ சாம்பாரைப் பார்க்கப் போயிருந்தார். அடியில் கேஸ் எரிந்துகொண்டே இருந்தது.

நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது கண்ணாடியில் தண்ணீரே இல்லை. எங்களுக்கு முன்னால் ஓடிய மாஸ்டர் மோட்டார் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். அப்பா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கேஸை மூடினார். "எதையும் தொடாதீக. எல்லாரும் வெளிய போங்க" என்று, காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வரைக்கும் எல்லாரையும் முற்றத்துக்கு அனுப்பினார்.

மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, பெரியப்பா வேகமாக வந்தார்.

"மோட்டாரப் போட்டா தண்ணி ஏறிட்டுப் போகுது. இதுக்கு எதுக்குடா கூட்டத்தக் கூட்டுற?"

"உள்ள இரும்பு காஞ்சு கெடக்குண்ணே. இப்பத் தண்ணி பட்டா அம்புட்டும் ஒரே நேரத்துல ஆவியாகி வெடிச்சிரும். தானா ஆறணும்."

"எம்புட்டு நேரம்?"

"மத்தியானம் ஆயிரும்."

"உன்னைய நம்பித்தானடா விட்டேன்."

"தப்பு எம்மேலதாண்ணே. நான் விட்டுட்டு வந்துருக்கக் கூடாது."

தன்னைப் போட்டோவுக்குக் கூப்பிட்டது யார் என்பதை அப்பா சொல்லவில்லை. கூப்பிடச் சொன்ன பெரியப்பாவுக்கும் அது நினைவுக்கு வரவில்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்று, யாரும் என்னைக் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக் கடைகளிலிருந்து பரோட்டா வந்தது. வருசநாட்டிலிருந்து வேனில் வந்திறங்கிய மாப்பிள்ளையின் தாய்மாமன், காலைப் பந்தியில் பரோட்டா போட்ட கல்யாணத்தை இப்போதுதான் பார்ப்பதாகச் சொல்லிச் சொல்லி நாலு சாப்பிட்டார். பெரியப்பா முகத்தில் ஈயாடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முற்றத்தில் விறகடுப்பு மூட்டினார்கள்.

அப்பா மட்டும் சமையற்கட்டு வாசலிலேயே நின்றார். பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுவிட்சைப் போட்டுப் பார்க்கலாமென்று பெரியப்பா இரண்டு முறை ஆள் அனுப்பினார். இரண்டு முறையும் அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். தாலி கட்டுகிறபோதுகூட அவர் மேடைப் பக்கம் வரவில்லை. நான் ஒரு பரோட்டாப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"வராத. அங்கனயே நில்லு" என்றார்.

அவர் என்னிடம் அந்தக் குரலில் பேசியதே இல்லை. பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு ஓடிவந்து அம்மா மடியில் முகத்தைப் புதைத்தேன். கூப்பிட்டதற்காக அப்பாவுக்கு என்மேல் கோபம், எல்லார் முகத்திலும் விழிக்கக் கூச்சப்பட்டு அங்கே ஒதுங்கி நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

தான் அந்த வாசலை விட்டு நகர்ந்தால் யாராவது உள்ளே போய்ச் சுவிட்சைப் போட்டுவிடுவார்கள் என்பதற்காகத்தான் அவர் நின்றார் என்பதும், வெடித்தால் யார் யார் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கில் தன்னை மட்டும் சேர்க்காமல் விட்டிருந்தார் என்பதும் அப்போது எனக்குப் புரியவில்லை.