சத்தமில்லாமல் சுற்றிய ரெக்கார்டு

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை கோச்சடைத் தாத்தா வீட்டில் அடுக்கி வைத்திருந்த ரெக்கார்டுகளைக் காட்டி, "எல்லாப் பாட்டும் போன்லயே இருக்கே தாத்தா, இது எதுக்கு?" என்று கேட்டீர்கள். அவர் உங்கள் வாயையே பார்த்துச் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. எனக்கு அவர் மாமா, என் அம்மாவுடன் பிறந்த தம்பி. அவருக்குப் பதிலாக எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

அப்போது நான் நாலாவது படித்தேன். நாங்கள் விளாங்குடியில் இருந்தோம். மாமா மைக் செட் கடையில் வேலை பார்த்தார். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று எங்கே போனாலும் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிற வேலை. கோரிப்பாளையத்தில் ஒரு பாயின் பழைய சாமான் கடைக்குத் தூத்துக்குடியிலிருந்து வெளிநாட்டுச் சரக்கு வரும். அதைக் கிளறிக் கிளறி, அமெரிக்க ராப் ரெக்கார்டாகப் பார்த்து எடுத்துவருவார். அட்டையில் தொப்பியைத் திருப்பிப் போட்ட ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு முறைப்பார்கள். மாமாவுக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. பிறகு எதற்கு இவ்வளவு ஆசை? எனக்கு விளங்கவே இல்லை.

அவர் தங்கியிருந்த மாடி அறைக்குத் தகரக் கூரை. அந்த வெக்கையில் ரெக்கார்டு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும் என்று எல்லாவற்றையும் எங்கள் வீட்டு அலமாரியில் வைத்திருந்தார். ஞாயிறுதோறும் வந்து ஒவ்வொன்றாகத் துடைத்துப் பாடவிடுவார். நாங்கள் சத்தத்தைக் குறைக்கக் குறைக்க அவர் கூட்டிக்கொண்டே இருப்பார்.

"என்னடா இது, சண்டை போடுறானுகளா, ஏலம் விடுறானுகளா?" என்று அம்மா காதைப் பொத்திக்கொள்வார்.

என் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, சிடி கடை வைத்திருந்தார். மாமாவுக்கும் அவருக்கும் ஒரே வயது. பார்த்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்கள்.

"மாப்ள, இந்தப் பிளேட்டு மதுரையில எவன்கிட்டயும் கெடையாது, தெரியும்ல?"

"எவனுக்கும் வேணாம்ங்கும்போது எவன்கிட்ட மாப்ள இருக்கும்? சிடியப் பாரு. தொடைக்க வேணாம், திருப்பிப் போட வேணாம். பட்டன அமுக்குனா அடுத்த பாட்டு."

"அத உள்ள தள்ளி மூடிப்புட்டா என்ன தெரியுது? இதுல முள்ளு ஓடுறதப் பாரு. பாட்டு கண்ணுக்குத் தெரியுதுல்ல?"

பாட்டை எதற்குக் கண்ணால் பார்க்க வேண்டும்? மற்றவர்கள் கேளு என்று சொல்லும் இடத்திலெல்லாம் மாமா பாரு என்றுதான் சொல்வார். யார் சொல்வது சரி என்று தெரியாமல் நான் இரண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பாவுக்குக் கடைச் சரக்கை வைக்க எங்கள் அலமாரி தேவைப்பட்டது. ஒரு ஞாயிறு அட்டைப்பெட்டியோடு வந்துவிட்டார். கையில், மாமாவின் ஒரு ரெக்கார்டில் இருந்த அதே பாட்டுகள் உள்ள சிடி.

"கண்ணக் கட்டுறேன். ஓடுறது சிடியா, பிளேட்டான்னு மூணு தரம் சொல்லு மாப்ள. ஒன்னு தப்புனாலும் அலமாரி எனக்கு."

"எம்புட்டுத் தரம்னாலும் வையி!"

ரெக்கார்டு அந்தத் தகரக் கூரைக்குப் போய்விட்டால் மாமா எதற்கு ஞாயிறுதோறும் இங்கே வரப்போகிறார்?

ரெக்கார்டு பிளேயர் பெஞ்சின் மேல் இருந்தது. மாமா கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து பெஞ்சில் சாய்ந்துகொண்டார். ஒரு கை பெஞ்சின் விளிம்பில். சிடி பிளேயர் ஜன்னல் திண்டில். ஒயரை மாற்றி மாற்றிச் சொருகுவது என் வேலை. "சத்தத்தக் கம்மியா வையிடா, அப்பத்தான் குட்டு வெளிப்படும்" என்றார் சித்தப்பா. பாட்டுப் போட்டதும் அவர் மாமாவின் தோளைத் தட்ட வேண்டும்.

முதல் தரம். "ரெக்கார்டு" என்றார் மாமா. சரி. இரண்டாவது. "இது ஒங்க டப்பா." அதுவும் சரி. சித்தப்பா முகம் சுண்டிப்போனது.

மூன்றாவது தரம் நான் முள்ளை வைத்தேன். சித்தப்பா தோளைத் தட்டினார். ரெக்கார்டு சுற்றியது. பாட்டு வரவில்லை. பதற்றத்தில் சிடியின் ஒயரை உருவிய நான் இன்னொன்றைச் சொருக மறந்திருந்தேன்.

"ரெக்கார்டுதான், சந்தேகமே இல்ல" என்றார் மாமா. தாளத்துக்கு ஏற்ப ஆட்டுவது போலத் தலையையும் ஆட்டினார்.

"மாமா, பாட்டே இன்னும்..." என்று வாயெடுத்தேன். சித்தப்பா என் வாயைப் பொத்தினார். அம்மா காப்பி டம்ளரோடு அப்படியே நின்றார். சித்தப்பா எட்டி ஒயரைச் சொருகி, சத்தத்தை முழுதாகக் கூட்டினார். பிறகு மாமாவின் எதிரில் குந்தி, துண்டை அவிழ்த்து, அவர் முகத்துக்கு நேராக, "நீ ஜெயிச்சுட்ட மாப்ள" என்றார்.

மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். எனக்கானால் ஒரே குழப்பம். பாடாத பாட்டுக்கு எப்படி ஜெயிக்க முடியும்? ஒரு நாளும் விட்டுக்கொடுக்காத சித்தப்பா ஏன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார்? தம்பி ஜெயித்ததற்கு அம்மா ஏன் அடுப்படியில் மூக்கைச் சிந்துகிறார்?

மறுநாள் சித்தப்பா மாமாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ரெக்கார்டு வாங்கத்தான் போகிறார்கள், என்னை விட்டுவிட்டார்கள் என்று நான் அழுது புரண்டேன். அவர்கள் போனது காது டாக்டரிடம். மாமாவுக்குக் காது மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பெஞ்சில் மோட்டார் அதிர்வதைக் கையால் தெரிந்துகொண்டுதான் பதில் சொல்லியிருக்கிறார். வார்த்தை விளங்காவிட்டாலும் நெஞ்சில் வந்து இடிக்கிற பாட்டை அவர் ஏன் தேடிப் போனார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

போன ஞாயிறு உங்களைத் தாத்தா ஜிகர்தண்டா வாங்கித்தரக் கூட்டிப் போனாரே, அப்போது நான் தனியாக, பந்தயத்தில் ஓடிய அந்த ரெக்கார்டைத் தேடி எடுத்துப் போட்டேன். ஒயரைச் சொருகவில்லை. இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, கண்ணை மூடி, பிளேயர் இருந்த பெஞ்சில் உள்ளங்கையை வைத்தேன். எறும்பு ஊர்வது மாதிரி என்னவோ தெரிந்தது. ஞாபகத்தில் இருந்த தாளத்துக்குத் தலையை ஆட்டிப் பார்த்தேன். கண்ணைத் திறந்தபோது முள் கடைசிக்கோட்டுக்கு வந்து ரெக்கார்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. என் தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.