முப்பத்தேழு காட்டிய நாற்பது

இதை எழுத எனக்குப் பல வருஷமாகத் தைரியம் வரவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். காலையில் பால் வாங்கப் போனால் எதிரே வருவார்கள். அதைவிடப் பெரிய தயக்கம், இதில் எங்கள் தெருப் பிள்ளையாரும் வருகிறார். நான் பத்தாவதோடு நின்றவன். எழுதத் தெரியாமல் எழுதி, என் கோபம் போகக்கூடாத இடத்தில் போய் விழுந்துவிடுமோ என்று பயம். போன மாதம் பெண்ணுக்கு லேப்டாப் வாங்கப் போன கடையில் ஒரு வாக்கியம் காதில் விழுந்தது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுதான் பாவம் என்று தோன்றிவிட்டது.

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே இருக்கிற கடை. வெயிலிலிருந்து உள்ளே போனால் வியர்த்த சட்டை ஐஸ் மாதிரி முதுகில் ஒட்டுகிறது. பெண் காலேஜ் சேர்கிறாள். ஐ-ஃபைவா ஐ-செவனா, டிஸ்க் ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஜிபியா ஒரு டிபியா என்று வீட்டிலேயே அலசிவிட்டுத்தான் வந்திருந்தாள். “பிராசசரை அப்புறம் மாத்த முடியாதுப்பா. இடம் பத்தலன்னா வெளியில ஒரு டிஸ்க் வாங்கிக்கலாம். அதனால பிராசசர்லதான் காசு போடணும்” என்றாள். நான் தலையாட்டினேன். வீட்டில் எனக்கு இருக்கிற வேலை அதுதான்.

பெட்டியைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை வந்தது. மெஷினை ஓடவிட்டுப் பார்த்தவள் முகம் சுருங்கியது. “ஃபைவ் ட்வெல்வ்னு போட்டிருக்கு, உள்ள நானூத்தி எழுபத்தாறுதான் காட்டுது?”

விற்கிற பெண் பில் போடுவதிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. “அது அப்படித்தான் மேம் காட்டும்.”

“ஓ, சரி” என்றாள் என் பெண். என் மனைவியும் சரி என்றாள். பக்கத்தில் நின்றிருந்த யாரோ ஒருவர்கூட, கேட்காமலேயே, “ஆமாம்மா, எல்லாத்துலயும் அப்படித்தான்” என்றார். முடிந்தது விஷயம். நான் மட்டும் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அதே வாக்கியத்தைச் சொன்னதற்காக ஒரு மனிதரைக் கற்பூரம் அணைக்க வைத்தார்கள். அவர் என் அக்காவின் கணவர்.

ஏகாம்பரம் மாமா சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் போகிற தெருவில், மாவு மில்லை ஒட்டினாற்போல ஒரு கடை வைத்திருந்தார். கம்ப்யூட்டரை உதிரியாக வாங்கிவந்து பூட்டிக் கொடுக்கிற கடை. மில்லிலிருந்து மாவு பறந்து வந்து எல்லாவற்றின் மேலும் படியும். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் பொறுப்பு, வாயால் ஊதுவது. நன்றாக ஊதுவேன். இன்றைக்கும் கீபோர்டைப் பார்த்தால் கன்னம் தானாக உப்பிக்கொள்கிறது.

மின்சார ரயிலில், கம்ப்யூட்டர் உதிரிகள் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போய், சாமான்களை மடியில் வைத்துக் கொண்டு வருவோம். அப்போது ஹார்ட் டிஸ்குகள் பெட்டியில்கூட வராது. வெள்ளிநிறக் கவரில் சுற்றிக் கொடுப்பார்கள். ரயிலில் மாமா அதைத் தூங்குகிற குழந்தையைப்போல வைத்திருப்பார்.

வருகிறவர்கள் எல்லாம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எதில் காசு போடுவது? மாமா ஒரு பதில் வைத்திருந்தார். “பிராசசர்ன்றது சமைக்கிற ஆளு சார். ஹார்ட் டிஸ்க் சாமான் ரூம். ரூம் பெருசா இருந்தா சாப்பாடு சீக்கிரம் வந்துடுமா? மொதல்ல உங்க வூட்ல எத்தினி பேரு சாப்பிடணும், அத்த சொல்லுங்க.” டைப் அடிக்க மட்டும் வாங்குகிறவருக்குப் பெரிய பிராசசரை ஒருநாளும் தலையில் கட்டமாட்டார். லாபம் குறையுமே என்று நான் முணுமுணுத்தால், “மச்சான், நாளைக்கும் இதே தெருவுலதான்டா நடக்கணும்” என்பார்.

எந்த மெஷினையும் கொடுப்பதற்குமுன் அதற்கு ஒரு எலுமிச்சம்பழம், கொஞ்சம் சந்தனம். பிறகு பெயிண்ட்டைத் திறந்து, மௌஸால் கோணல்மாணலாகப் பிள்ளையார் சுழி ஒன்று போட்டு சேவ் பண்ணுவார். “மொத எடம் அவருக்கு.” வாங்கினவர்களில் பாதிப் பேருக்கு அது உள்ளே இருப்பதே தெரியாது.

எங்கள் தெருக் கோயிலுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று கமிட்டியில் முடிவானது. அர்ச்சனைச் சீட்டு அடிக்க, கும்பாபிஷேகப் போட்டோவும் வீடியோவும் போட்டு வைக்க. மாமா சொன்னார்: “வேகம் இதுக்குத் தேவையில்ல. சின்ன பிராசசர் போதும். டிஸ்க் மட்டும் இருபது வேணாம், நாப்பது ஜிபியா போடுங்க. வர்றதெல்லாம் சேந்துகினே போகும்.” சரியான யோசனை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

கமிட்டிச் செயலாளர் பெரிய ஆபீசில் சூப்பரின்டெண்டெண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். கைசுத்தமானவர். அதுதான் வினையாகப் போனது. தன்னைத் தவிர எல்லோரும் அள்ளுகிறார்கள் என்று நம்புகிறவர். லீவுக்கு வந்த அவர் மகன் கோயில் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்திருக்கிறான். நாற்பது என்று பில் இருக்கிறது. திரையில் முப்பத்தேழு சொச்சம்.

மாமாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். நானும் கூடப் போனேன்.

“அது அப்படித்தான் சார் காட்டும்” என்றார் மாமா.

“அப்படித்தான்னா? ஏன்னு சொல்லுங்க.”

மாமாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. ரிச்சி தெருவில் எங்களுக்கு விற்றவர்களும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பழைய ஊர்க்காரர், மனைகள் விற்றுக் கையில் வசதி வந்தவர், கன்னியப்பன் என்று கமிட்டியில் ஒருவர். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “இன்னாபா ஏகாம்பரம், சாமான் ரூம் சாமான் ரூம்ன்னுவியே, மூணு மூட்ட எங்க கீது?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அது நிஜமாகிவிட்டது. கம்ப்யூட்டர் யாருக்கும் தெரியாது. ஆனால் அளவில் குறைப்பது எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கெரசினில் பார்த்திருக்கிறார்கள், பாலில் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை மாதிரி மூன்று ஜிபியை அள்ளி எடுத்து இன்னொருத்தனுக்கு விற்றிருப்பான் என்பது அவர்களுக்கு உடனே புரிந்தது. நான் கடைக்கு ஓடி, இன்னும் விற்காத ஒரு நாற்பதைக் கொண்டுவந்து மாட்டிக் காட்டினேன். அதிலும் முப்பத்தேழு.

“அப்போ இதுலயும் எடுத்தாச்சு” என்றார் செயலாளர். “இதுக்குத்தான் டிஸ்க்கைப் பெருசா எடுக்கச் சொன்னீங்களா?”

வெள்ளிக்கிழமை தீபாராதனை முடிந்ததும் மாமாவைச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். தட்டில் கற்பூரம் ஏற்றிய குருக்கள் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். மாமா தயங்கவே இல்லை. “நான் எதுவும் எடுக்கல சாமி” என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கற்பூரம் கருகின வாசனையோடு வேறு ஒரு வாசனையும் வந்தது. பிள்ளையாருக்கு முதல் இடம் கொடுத்த கை அது.

அத்தோடு போயிருக்கும். அந்த வருஷம் மழை வந்தது. ஏரி நிரம்பித் தெருவுக்குள் இறங்கியது. கடையில் தரையில் அடுக்கியிருந்த எல்லாம் சேற்றில் ஊறிப்போயின. தண்ணீர் வடிந்த மறுநாளே குழாயடியில் பேச்சு: “பிள்ளையார் காட்டிட்டாரு பாத்தியா?”

அக்கா குடத்தைக் கீழே வைத்தாள். “பிள்ளையார் பீடத்து மேலயும்தான் தண்ணி ஏறிச்சு. அவரு யாருகிட்ட பொய் சத்தியம் பண்ணாராம்?”

தண்ணீர் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

யாரும் சண்டை போடவில்லை. மரியாதையாகத்தான் வேறு கடைக்குப் போனார்கள். ரிப்பேருக்கு வந்த ஒன்றிரண்டு பேரும், “எங்க கண்ணு முன்னாலயே தொறங்க” என்றார்கள். மாமா கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு படப்பைக்குப் போனார். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சாமான் ஏற்றி இறக்குகிற ஷிப்ட் வேலை. ஸ்க்ரூ டிரைவரை அப்புறம் கையில் எடுத்ததே இல்லை. என் பெண் பிறந்த சமயம் பார்க்க வந்தவர், திடீரென்று கேட்டார்: “மச்சான், ஒருவேள நமக்கு வித்தவனே எடுத்துட்டு வித்திருப்பானோடா?” அவரையே சந்தேகப்பட வைத்துவிட்டார்கள். அந்தக் கேள்வியோடுதான் மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்.

லேப்டாப்போடு வீட்டுக்கு வந்ததும் பெண்ணிடம் கேட்டேன், ஏன் குறைவாகக் காட்டுகிறது என்று. அவள் போனில் ஏதோ பார்த்துவிட்டு, அட்டைப்பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினாள். “டிஸ்க் செய்றவங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுவாங்கப்பா. கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நாலு, ஆயிரத்து இருபத்து நாலா எண்ணும். இருக்கிறது ஒண்ணுதான். எண்ற விதம் வேற. அவ்ளோதான்.”

அவ்வளவுதான். ஒரு மனிதரின் கடை, கை, பெயர்.

மறுநாள் பெட்டியின் அடி அட்டையை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு படப்பைக்குப் போனேன். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு, இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும், ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள். “கை சுட்டுச்சுன்னு அவரு ஒரு நாளும் சொன்னதில்லடா” என்றாள். பிறகு, “இத்த அவங்ககிட்ட போய்க் காட்டு.”

யாரிடம் காட்டுவது? செயலாளர் காலமாகிவிட்டார், அவர் வீடு இப்போது அடுக்குமாடி. கன்னியப்பனுக்கு ஆள் அடையாளமே தெரிவதில்லை. மாவு மில் இல்லை. மாமாவின் கடை இருந்த இடத்தில் பிரியாணி பார்சல் கட்டுகிறார்கள். கோயிலில் கிரானைட் போட்டு, விரலால் தொட்டால் சீட்டு வருகிற மெஷின் வைத்திருக்கிறார்கள். அதில் எத்தனை ஜிபி என்று கேட்க அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. நான் இன்றைக்கும் தினம் போய்க் கும்பிடுகிறேன். பிள்ளையார் மேல் எனக்குக் கோபமில்லை. கற்பூரத் தட்டு என்னிடம் வரும்போது மட்டும் கையை நீட்ட முடிவதில்லை. தூர நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

அன்று இரவு பெண்ணின் லேப்டாப்பில் பெயிண்ட்டைத் திறந்து, கோணல்மாணலாகப் பிள்ளையார் சுழி ஒன்று போட்டு சேவ் பண்ணினேன். “எதுக்குப்பா இது, எடத்த அடைச்சுக்கிட்டு?” என்றாள். “இருக்கட்டும்மா” என்றேன்.

தெருவில் அந்தக் கதை இன்னும் உலவுகிறது. மூன்று ஜிபி முதலில் பாதி டிஸ்க் ஆனது. இப்போது “கோயில் கம்ப்யூட்டரையே தூக்கிக்கினு ஓடினவன்” என்று நிற்கிறது. படிக்கிற நீங்கள் யாரிடமாவது சொன்னால், மாமாவை நல்லவராக்குவதற்காகக்கூட ஒரு வார்த்தை கூட்டவேண்டாம். ஒன்றும் குறைக்கவும் வேண்டாம். நாற்பது ஜிபி என்று சொல்லிக் கொடுத்தார். உள்ளே நாற்பது ஜிபிதான் இருந்தது. அதை அப்படியே சொல்லுங்கள்.