காக்கிச் சட்டை போட்ட அலமாரி

இந்த ஜெர்மன் நகரத்தில், படித்து முடித்த புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிடுகிறார்கள். வேண்டியவர் எடுத்துப் போகலாம். மழை வந்தால் மழை எடுத்துக்கொள்ளும். புத்தகத்தை இப்படித் தெருவில் நிறுத்தும் ஊருக்கு என் அலமாரி புரியாததில் வியப்பில்லை. அதில் எல்லாப் புத்தகங்களுக்கும் காக்கித்தாளில் அட்டை போட்டு, முதுகில் பெயர் எழுதி, உயர வரிசையில் அடுக்கியிருக்கிறேன். மேல்தட்டுகளில் என் துப்பறியும் நாவல்கள், கடல்பயண நூல்கள், மீன் சமையல் புத்தகம் ஒன்று. கீழ்த்தட்டில், எட்டு வயது மகள் ஜெனிக்காக இராஜாக்கமங்கலத்திலிருந்து அக்கா அனுப்பிய தமிழ்க் கதைப் புத்தகங்கள். காப்பி குடிக்க வந்த கீழ்வீட்டு அம்மையார் அலமாரியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "ஃபெர்போட்டன்?" என்றார். தடைசெய்யப்பட்டவையா என்று கேட்கிறார். அழுக்காகாமல் இருப்பதற்காக என்றேன். எல்லாம் புரிந்தவர்போலத் தலையாட்டிவிட்டு, எழுந்து போய் சன்னல் திரையை இழுத்து மூடினார்.

பழக்கம் அப்பாவுடையது. பள்ளி திறக்கும் வாரத்தில் நாகர்கோவில் வீட்டில் பசையும் கத்தரியுமாக உட்காருவார். பாடப் புத்தகங்கள் தீர்ந்தாலும் கை நிற்காது, வேதாகமமும் தப்பவில்லை. ஒரு மாலை குடும்ப ஜெபத்தில் அவர் விரித்து வாசித்தது என் தடித்த நாவலை. கரையில் ஒரு பிணம் ஒதுங்கி, காவலர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. அதுவரை அம்மா ஆமென் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா அட்டை போடுவதை நிறுத்தவில்லை. முதுகில் பெயர் எழுதத் தொடங்கினார்.

ஜெனி அந்தக் கீழ்த்தட்டைத் தொட்டதே இல்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தும், பள்ளி நூலகத்தின் ஜெர்மன் புத்தகங்களோடுதான் கிடப்பாள். சாப்பிடக் கூப்பிடும் அளவோடு அவளிடம் தமிழ் நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம். வீடியோ அழைப்பில் அக்காவிடம் புலம்பினேன். அலமாரியைக் காட்டச் சொன்னாள்.

"ஏலே, இதுல நான் அனுப்பின புக்கு எங்க?"

"கீழ்த்தட்டுல இருக்குல்லா."

"யானை, முதலைன்னு படம் பாத்துப் பாத்து எடுத்து அனுப்பினேன். நீ அதையும் காக்கித்தாள்ல பொதிஞ்சா வச்சிருக்க?"

"அழுக்காவாதுல்லா அக்கா."

"தொட்டாத்தானல அழுக்காவும். பாத்தா போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கு. உனக்க பிள்ளை எப்படிக் கிட்ட வரும்?"

அன்று மாலையே கீழ்த்தட்டின் அட்டைகளைக் கழற்றினேன். மேல்தட்டுகளை விட்டுவிட்டேன், அவ்வளவு மனமாற்றம் ஒரே நாளில் உடம்புக்கு ஆகாது. அந்த வழியாக வந்த ஜெனி நின்று, முதலைப் புத்தகத்தை உருவினாள்.

"இது எப்போ வாங்கினீங்க அப்பா?"

வருடக்கணக்காக அங்கேதான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சோபாவில் ஒட்டி உட்கார்ந்தோம். படங்களைப் பார்த்து அவள் ஜெர்மனில் கதை சொன்னாள். நான் கீழே இருந்த தமிழ் வரிகளை வாசித்தேன். அவளுடைய முதலை என்னுடையதைவிட வேகமானது. என் முதலை ஆற்றில் இறங்கும்போது அவளுடையது அக்கரையில் ஏறிவிட்டது. பக்கத்தைப் புரட்ட அவள் கை வந்தது. எனக்கு இன்னும் இரண்டு வரி இருந்தது. தாளின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டேன்.

"அப்பா, சீக்கிரம்" என்றாள், மறுமுனையை விடாமல்.

தாள் எங்கள் இருவருக்கும் நடுவில் நிமிர்ந்து நின்றது.